தங்கச் சட்டத்துக்குத் தங்கப் பெயின்ட் அடிக்கலாமா?

கேள்வி: பாட்டி வீட்டு ராமர் பட்டாபிஷேகப் படத்தின் தங்கச் சட்டம் மங்கிவிட்டது. பெயின்ட் அடித்தால் புதுசாகிவிடும் என்கிறார் கடைக்காரர். அடிக்கலாமா? (வாசகி, காரைக்குடி)

பதில்: அடிக்கவே அடிக்காதீர்கள். டப்பாவில் விற்கும் தங்கப் பெயின்டில் தங்கம் கிடையாது, பித்தளைத் தூள் கலந்ததென்றால் சில வருடங்களில் கறுத்தும் போகும். அசல் தங்கம் கறுக்காது. மங்கலுக்குக் காரணம் விளக்குப் புகையும் தூசியுமாக இருக்கலாம், இல்லையென்றால் முன்பே யாராவது ஒரு கோட் பெயின்ட் அடித்திருப்பார்கள் (இது ரொம்பச் சகஜம்).

முதலில் சட்டத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். சுமார் 8 செ.மீ.க்கு ஒன்றாக மெல்லிய குறுக்குக்கோடு தெரிந்தால் பெரும்பாலும் தங்க ரேக்குதான் (தாளைவிட மெல்லிய தங்கத் தகடு). ரேக்கு ஏறக்குறைய அந்த அளவுச் சதுரமாக வரும், ஒன்றின் ஓரத்தில் அடுத்ததைக் கொஞ்சம் ஏற்றி ஒட்டுவதால் அந்த இடம் கோடாக நின்றுவிடும். தேய்ந்த மேடுகளில் செங்காவி நிறம் தெரிகிறதா? அப்படியென்றால் மரத்தின்மேல் சுண்ணாம்புக்கல் தூளும் வஜ்ஜிரப் பசையும் (விலங்குத் தோலிலிருந்து காய்ச்சி எடுப்பது) கலந்த மக்கு, அதன்மேல் செம்மண் பூச்சு, அதைத் தண்ணீரால் நனைத்து மேலே ரேக்கு என்று பழைய ஐரோப்பிய முறையில் செய்ததாக இருக்கும். அந்தப் பசை ஈரம் பட்டால் இளகும். ஈரத்துணியால் துடைத்தால் தங்கம் துணியோடு வந்துவிடும். காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள், போதும்.

கேள்வி: பழைய சட்டத்தில் ஒரு மூலைப்பூ உடைந்துவிட்டது. நானே செய்துகொள்ளலாமா? (வாசகர், மதுரை)

பதில்: தாராளமாக. ஆனால் முதலில் நான்கு மூலைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பூக்கள் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்து, குறுக்கே மெல்லிய விரிசல்களும் ஓடினால் அது செதுக்கிய மரமல்ல; சுண்ணாம்புக்கல் தூள், பசை, ஆளிவிதை எண்ணெய், பிசின் எல்லாம் சேர்த்துப் பிசைந்து, சூடாக மர அச்சில் அழுத்தி எடுத்தது. 19-ஆம் நூற்றாண்டுச் சட்டங்களில் ஏராளமாகப் பார்க்கலாம். நல்ல நிலையில் உள்ள பூவின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் படியவைத்து, பல் மருத்துவர்கள் அளவெடுக்கும் சிலிகான் புட்டியால் அச்செடுங்கள். தாள் இல்லாமல் அழுத்தினால் புட்டியோடு ரேக்கும் கிளம்பிவிடும். அந்தச் சிலிகான் அச்சில் மக்கை அழுத்தி, நன்றாகக் காயவிட்டு, வஜ்ஜிரப் பசையால் ஒட்டுங்கள். எபாக்சி (கல்லாக இறுகும் ரசாயனப் பசை) வேண்டாம், நாளைக்கு யாராவது கழற்ற நினைத்தால் பழைய மரம்தான் பிய்யும்.

கேள்வி: சட்டத்தில் குண்டூசித் துளைகள். பூச்சி இன்னும் இருக்கிறதா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: அடியில் கறுப்புத் தாள் விரித்து ஒரு மாதம் பாருங்கள். புதிதாக வெளிறிய தூள் விழுந்தால் உள்ளே புழு இருக்கக்கூடும். படத்தைத் தனியே கழற்றிவிட்டு, பின்பக்கம் மட்டும் பூச்சிமருந்து அடிக்கச் சொல்லுங்கள். தங்கப் பக்கம் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது.