சுற்றளவுச் சூத்திரம் தெரிந்த பிள்ளை வாக்கியக் கணக்கில் தடுமாறுவது ஏன்?

ஆறாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகளுக்குச் சுற்றளவுச் சூத்திரம் மனப்பாடமாகத் தெரிகிறது என்றும், வேலி, தோட்டம் என்று வாக்கியக் கணக்காக வந்தால் மட்டும் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கிவிடுகிறாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நடுநிலைப் பள்ளியில் பல ஆண்டுகளாகக் கணக்குப் பாடம் நடத்தி வருகிறேன். இந்தத் தடுமாற்றத்தைக் காணாமல் ஒரு வகுப்பும் கடந்ததில்லை. சுற்றளவும் பரப்பளவும் ஒரே பாடத்தில் அடுத்தடுத்து வருவதால், இரண்டு எண்களைக் கண்டதும் எதைச் செய்வது என்று பிள்ளை ஊகிக்கத் தொடங்குகிறது. கணக்கில் சொல்லப்படும் பொருள் அந்த இடத்தில் எங்கே போய் உட்காரும் என்பதை அது இன்னும் பார்க்கவில்லை.

ஆகவே சூத்திரத்தைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். படம் வரைந்து, பொருள் செல்லும் வழியில் விரலை ஓட்டிக் காட்டிய பிறகே பேனாவைத் தொட வேண்டும் என்பது என் வகுப்பில் கட்டாயம். முள்கம்பி என்றால் விரல் கோட்டின் மேல் ஓடும். தரைக்கு டைல்ஸ் என்றால் உள்ளங்கை படத்தின் உட்புறம் முழுவதையும் தடவும். சுற்றளவா பரப்பளவா என்ற கேள்விக்குக் கையே பதில் சொல்லிவிடுவதால், அந்தச் சொற்களை நான் உச்சரிக்க வேண்டிய தேவைகூடப் பல நாள் வருவதில்லை.

ஒருமுறை வாலிபால் ஆடுகளத்துக்குக் கோடு போட எவ்வளவு தூரம் சுண்ணாம்புத்தூள் தூவ வேண்டும் என்று கேட்டேன். ஆடுகளம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம் என்பதால் வகுப்பே 54 மீட்டர் என்றது. மைதானத்தில் தூள் டப்பாவோடு சுற்றி வந்த மாணவன் தொடங்கிய மூலைக்கே திரும்பியதும், நடுக்கோட்டைப் பார்த்து, "இது விட்டுப்போச்சே" என்று நின்றுவிட்டான். நடுக்கோடு 9 மீட்டர். அதற்கு இருபுறமும் 3 மீட்டர் தள்ளி வரும் தாக்குதல் கோடுகள் இரண்டும் சேர்ந்து 18 மீட்டர். ஆக மொத்தம் 81 மீட்டர். அவர்கள் சொன்ன 54 சுற்றளவு என்ற வகையில் முற்றிலும் சரிதான், ஆனால் கேட்கப்பட்டது சுற்றளவு மட்டும் அல்ல என்பதை அன்று காலால் நடந்து தெரிந்துகொண்டார்கள்.

வாழ்க்கையில் வரும் கணக்குகள் பெரும்பாலும் இப்படித்தான், சுற்றளவோடு எதையாவது கூட்டவோ கழிக்கவோ பெருக்கவோ செய்யும். 30 மீட்டர் நீளமும் 18 மீட்டர் அகலமும் உள்ள தோட்டத்தில் ஒரு பக்கத்தில் 3 மீட்டருக்குக் கேட் விட்டு, நான்கு வரிசை முள்கம்பி கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். சுற்றளவு 96 மீட்டர்; கேட் போக 93; நான்கு வரிசைக்கு 372 மீட்டர் கம்பி வேண்டும். உங்கள் மகள் பெருக்கி 540 என்று எழுதினால் தவறு என்று உடனே சொல்லாமல், கடைக்காரரிடம் எப்படிக் கேட்பாய் என்று மட்டும் கேளுங்கள். "540 சதுர மீட்டர் கம்பி கொடுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லும்போதே அவளுக்கு உறுத்தும்.

இதே தோட்டத்தில் 3 மீட்டருக்கு ஒரு கல்தூண் நடச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் பிள்ளைகளை அதிகம் யோசிக்க வைப்பது இந்தக் கேள்விதான். கேட் இல்லாவிட்டால் 96-ஐ 3-ஆல் வகுத்து 32 தூண்கள். கேட் வைத்தால் 93-ஐ வகுத்து 31 என்பார்கள். ஆனால் வேலிக்கு இப்போது இரண்டு முனைகள் வந்துவிட்டதால் இடைவெளிகள்தாம் 31, தூண்கள் அதே 32. இதை விளக்கிச் சொல்வதைவிட, மேசை மேல் புளியங்கொட்டைகளைத் தூண்களாக வைத்து எண்ணவிடுவதே நல்லது.

வீட்டிலிருந்தே தொடங்க விரும்பினால், துப்பட்டா ஒன்றுக்கு நான்கு பக்கமும் லேஸ் வைக்கும் வேலையை அவளிடம் ஒப்படையுங்கள். துப்பட்டா 2.25 மீட்டர் நீளமும் 0.9 மீட்டர் அகலமும் இருந்தால் கணக்கில் 6.3 மீட்டர் வரும். மூலைகளில் மடிப்பதற்கும் இரு முனைகளைச் சேர்ப்பதற்கும் அந்த அளவு போதாது என்பதை, லேஸைத் துணியோரமாக வைத்துப் பார்க்கும்போது அவளே கண்டுகொள்வாள். இன்னும் கொஞ்சம் கூடுதலாக வாங்க வேண்டும் என்று அவள் வாயிலிருந்து வரும்வரை, தயவுசெய்து நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.