'கோட்டை' என்கிறார்களே, சுயேச்சையாக நிற்கலாமா?

கேள்வி: பெருநகர வார்டு ஒன்றில் சுயேச்சையாக நிற்க யோசிக்கிறேன். "இது அந்தக் கட்சியின் கோட்டை, பணத்தைக் கரைக்காதே" என்கிறார்கள் நண்பர்கள். சட்டமன்றத் தேர்தலிலும் அந்தக் கட்சிதான் இங்கே வென்றது. என் பகுதி உண்மையில் எந்தப் பக்கம் சாய்கிறது என்று நானே கணக்குப் பார்க்க வழி உண்டா?

பதில்: உண்டு. முதலில் 'கோட்டை' என்ற சொல்லை ஓரமாக வையுங்கள். அது வென்ற இடங்களை எண்ணுகிறவர்களின் சொல். நீங்கள் எண்ண வேண்டியது வாக்குகளை.

டெல்லியைப் பாருங்கள். 2014 மே மாதம் அங்கிருந்த 7 மக்களவைத் தொகுதிகளையும் பாஜக அள்ளியது. 2015 பிப்ரவரியில், ஒன்பது மாதம் நிறைவதற்குள், சட்டமன்றத்தின் 70 இடங்களில் 67 ஆம் ஆத்மிக்குப் போயின. பாஜகவுக்கு மூன்றே மூன்று. அதற்காக டெல்லியில் பாஜக ஆதரவாளர்கள் ஆவியாகிவிட்டார்களா என்ன? அந்தப் படுதோல்வியிலும் அக்கட்சிக்கு 32 சதவீத வாக்கு இருந்தது. 2017 மாநகராட்சித் தேர்தலில் பாஜக வென்றது. 2019இல் மீண்டும் ஏழு தொகுதியும் அதற்கே. 2020இல் மீண்டும் 62 இடங்கள் ஆம் ஆத்மிக்கு. ஏறக்குறைய அதே வாக்காளர்கள்தான். பிரதமர் யார் என்பதற்கு ஒரு பதில், முதல்வர் யார் என்பதற்கு வேறு பதில், குப்பை அள்ளுவது யார் என்பதற்கு இன்னொன்று. ஆகவே சட்டமன்ற முடிவை மட்டும் வைத்து உங்கள் வார்டை அளக்காதீர்கள். குறைந்தது மூன்று தேர்தல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

அதற்கான தரவு படிவம் 20இல் இருக்கிறது. மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களில் ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் எந்த வேட்பாளருக்கு எத்தனை வாக்கு என்று சொல்லும் தாள் அது. மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் தேடுங்கள். சாவடி எண்ணை மட்டும் நம்பி இரண்டு தேர்தல்களை ஒப்பிட்டுவிடாதீர்கள். பட்டியலைத் திருத்தும்போது எண்கள் மாறிவிடும். சட்டமன்றச் சாவடியும் வார்டு எல்லையும் பொருந்தாமல் போவதும் உண்டு. வாக்காளர் பட்டியலில் ஒரு சாவடிக்கு ஒரு பாகம்; ஒவ்வொரு பாகத்தின் முதல் பக்கத்திலும் தெருப் பெயர்கள் இருக்கும். அவற்றை வைத்துத்தான் சாவடிகளை வார்டோடு பொருத்த வேண்டும். சலிப்பான வேலை, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை விழுங்கும். இதைச் செய்யாமல் நடத்தும் கணிப்பு எல்லாம் டீக்கடைப் பேச்சு.

அதே முதல் பக்கத்தில் அந்தப் பாகத்தின் மொத்த வாக்காளர் எண்ணிக்கையும் இருக்கும். ஒரு பேச்சுக்கு, பட்டியலில் 1,000 பேர், வாக்களித்தவர்கள் 480 என்று வையுங்கள். வென்றவருக்கு 240, அடுத்தவருக்கு 160. வென்றவர் 50 சதவீதம் என்று மார்தட்டுவார். பட்டியலை வைத்துப் பார்த்தால் அவரிடம் இருப்பது 24 சதவீதம். வராத 520 பேரில் வீடு மாறிப் போனவர்கள், பெயர் நீக்கப்படாத இறந்தவர்கள் எல்லாம் அடக்கம். வாடகை வீடுகள் மிகுந்த நகரங்களில் இது கூடுதலாகவே இருக்கும். அவர்களைக் கழித்தபின் எஞ்சுகிறவர்கள் யாருக்கும் சொந்தமில்லாத வாக்காளர்கள்.

நகரம் முழுவதும் ஒரே மாதிரி சாய்வதுமில்லை. கனடாவின் டொராண்டோவில் 1998இல் ஆறு நகராட்சிகளை இணைத்து ஒரே மாநகரமாக்கினார்கள். 2010 மேயர் தேர்தலில் ராப் ஃபோர்டு 47 சதவீதம் பெற்று வென்றார். ஆனால் பழைய டொராண்டோவின் மையப்பகுதி அவருடைய போட்டியாளர் ஸ்மிதர்மன் பக்கம் நின்றது. ஸ்கார்பரோ, எட்டோபிக்கோ போன்ற புறநகர்கள்தான் ஃபோர்டைத் தூக்கிவிட்டன. இணைத்துப் பன்னிரண்டு ஆண்டு ஆகியும் பழைய எல்லை வாக்குப்பெட்டிக்குள் உயிரோடு இருந்தது. உங்கள் மாநகராட்சியோடு பின்னாளில் சேர்க்கப்பட்ட ஊராட்சிகள் இருந்தால், அந்தப் பழைய எல்லைக் கோட்டைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

படித்தவர்களே சறுக்கும் இடம் ஒன்று உண்டு. இன்ன சமூகத்தினர் அதிகம் உள்ள சாவடியில் இன்ன கட்சிக்கு அதிக வாக்கு என்றால், அந்தச் சமூகம்தான் அவற்றைப் போட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1950இலேயே இந்தத் தவறைக் காட்டினார். 1930 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வெளிநாட்டில் பிறந்தவர்கள் கூடுதலாக இருந்த மாநிலங்களில் எழுத்தறிவு அதிகம். ஆனால் ஆள் ஆளாக எடுத்தால், உள்நாட்டில் பிறந்தவர்களைவிட அவர்களிடம் எழுத்தறிவு குறைவு. எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களில் அவர்கள் குடியேறியதால் வந்த மயக்கம் அது. சாவடித் தாள் ஒரு தெருவின் கூட்டுத்தொகையைத்தான் சொல்லும்; யார் போட்டார் என்று சொல்லாது.

எனவே மூன்று தேர்தல்களிலும் வாக்குப்பதிவு மிகக் குறைந்த சாவடிகளையும், வென்ற கட்சி தேர்தலுக்குத் தேர்தல் மாறிய சாவடிகளையும் தனியே பிரியுங்கள். வேட்புமனு வாங்கப் போவதற்கு முன் அந்தத் தெருக்களில் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக நடந்து, பெயருக்குரியவர் இன்னும் அங்கே குடியிருக்கிறாரா என்று மட்டும் கேளுங்கள். இன்னும் குடியிருப்பவர்களின் எண்ணிக்கையில் கடைசியாக வாக்களித்தவர்களைக் கழித்துக் கிடைப்பது, அதே சாவடிகளில் இரண்டாமவராக வந்த வேட்பாளரின் வாக்கைவிடக் குறைவாக இருந்தால், இந்த முறை நிற்க வேண்டாம் என்றே நான் சொல்வேன்.