இதய நோய் ஆய்வுக்கு நல்கை

கேள்வி: எம்.டி. முடித்த என் மகள் இதய நோய் ஆய்வுக்கான நல்கை பெற விரும்புகிறாள். எங்கே தொடங்குவது?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: விண்ணப்பத்திலிருந்து அல்ல, ஆராயத் தகுந்த ஒரு கேள்வியிலிருந்து தொடங்கட்டும். தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதிலும் பிற நாட்டினருக்கு ஏறத்தாழ 59 வயதிலும் வருவதாக, பல நாடுகளில் மாரடைப்பை ஆராய்ந்த இன்டர்ஹார்ட் ஆய்வு கண்டது. இந்த வேறுபாட்டின் காரணங்களே வளமான களம். மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து 2008இல் தொடங்கிய இந்தியா அலையன்ஸ், மருத்துவர்களுக்கெனத் தனி நல்கைகளை வழங்கி வந்துள்ளது. தொகையைவிட வழிகாட்டியே முக்கியம் என்பது என் கருத்து. இந்திய மாரடைப்பு நோயாளிகள் உட்பட 20,937 பேரைப் பதிவுசெய்த கிரியேட் ஆய்வில் முதன்மைப் பங்காற்றிய செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி உங்கள் ஊரிலேயே இருக்கிறது. சிகிச்சைப் பணிக்கு நடுவே ஆய்வுக்கென ஒதுக்கப்படும் நேரத்தை, மருத்துவமனையிடம் முன்கூட்டியே எழுத்தில் பெறுவது நல்லது.