மூன்று சாமான் வாங்கத் திணறும் மகன்

கேள்வி: என் மகனுக்கு 27 வயது. மனச்சிதைவு நோய். மாத்திரையால் காதில் கேட்ட குரல்கள் நின்றுவிட்டன. ஆனால் பருப்பு, புளி, தேங்காய் வாங்கி வரச் சொன்னால் ஒன்றோடு திரும்புகிறான். சோம்பேறி என்கிறார் அவன் அப்பா.
– ஒரு தாய், கடலூர் முதுநகர்

பதில்: அம்மா, இதை அவரிடம் படித்துக் காட்டுங்கள். சோம்பேறி என்ற சொல் வீட்டில் இனி வேண்டாம். இந்த நோயில் கவனம், சொன்னதை மனதில் நிறுத்துவது, வேலையைத் திட்டமிடுவது எல்லாம் பலருக்குக் குறையும். மாத்திரை குரல்களை அடக்கும் அளவுக்கு இவற்றைச் சரிசெய்வதில்லை. அன்றாடம் சமாளிப்பதில் குரல்களைவிட இந்தக் குறைதான் பெரும்பாலும் அதிகம் இடிக்கிறது. அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அந்த மாத்திரையால் வரக்கூடிய கை நடுக்கத்துக்கென்று தனியாக ஏதும் மருந்து தருகிறார்களா? அவற்றில் சில ஞாபகத்தை மந்தமாக்கும், மருத்துவரிடம் கேளுங்கள்.

என் தம்பிக்கும் இதே நோய்தான். புதுச்சேரி பெரிய மார்க்கெட்டின் இரைச்சலில் அப்படியே நின்றுவிடுவான். அப்புறம் தெருமுனைக் கடை ஒன்றுக்கே, கூட்டமில்லாத மதிய நேரத்தில், சட்டைப்பையில் சீட்டு வைத்து அனுப்பினோம். முதலில் ஒரு சாமான், பழகியபின் இரண்டு. மீதிச் சில்லறையை அவனே எண்ணி வாங்கி வந்த அன்று அம்மா அழுதுவிட்டார். நினைவு, கவனப் பயிற்சிகளும் உண்டு. இப்படி நிஜ வேலையோடு சேர்த்துச் செய்தால்தான் நல்ல பலன். நாளைக்குப் புளி மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.