4.4 மி.மீ. பிளக் போட்டால் பாட்டு மாறுமா? ஹெட்ஃபோன் கேள்வி பதில்

சென்ஹைசர் எச்டி 660எஸ்2 வாங்கினேன். பெட்டியில் 6.35 மி.மீ., 4.4 மி.மீ. என்று இரண்டு கேபிள்கள் இருக்கின்றன. என் டாங்கிளில் (போனில் மாட்டும் சின்ன ஒலிக் கருவி) 3.5, 4.4 இரண்டு துளைகளும் உண்டு. எதில் கேட்பது?

4.4-இல் மாட்டுங்கள். ஆனால் கடைக்காரர் சொன்ன "மேடை விரியும், திரை விலகும்" என்பதற்காக அல்ல, வோல்டேஜுக்காக. இந்த வகை டாங்கிள்களில் பல 3.5 துளையில் 2 வோல்ட்டும் 4.4 துளையில் 4 வோல்ட்டும் தருகின்றன. உங்கள் ஹெட்ஃபோன் 300 ஓம், 1 வோல்ட்டுக்கு 104 டெசிபல். 2 வோல்ட்டில் உச்சம் 110 டெசிபல், 4 வோல்ட்டில் 116. வோல்டேஜ் இரட்டித்தால் 6 டெசிபல் கூடும், அவ்வளவுதான் கணக்கு.

110 டெசிபலே போதாதா என்றால், பெரும்பாலான பாட்டுக்குப் போதும். மெல்லிய ஒலியில் பதிவான கச்சேரிகளிலும் ஈக்வலைசர் போடும்போதும்தான் இடிக்கும். அடித்தொனியை 6 டெசிபல் உயர்த்தினால், ஒலி உடையாமல் இருக்க மொத்த அளவை 6 டெசிபல் இறக்க வேண்டும். 3.5 துளையில் அப்போது கையில் மிஞ்சுவது 1 வோல்ட். 4.4 துளையில் அந்த இழப்பை ஈடுகட்ட இடம் இருக்கிறது.

இரண்டு துளைகளையும் ஒப்பிட நினைத்தால் முதலில் ஒலியளவைச் சமப்படுத்துங்கள். சத்தம் சற்றே கூடியது எப்போதும் "தெளிவாக" கேட்கும். பேலன்ஸ்டு (இரு பக்கத்துக்கும் தனித்தனி நேர், எதிர் கம்பிகள் கொண்ட 4.4 வகை இணைப்பு) பற்றிய புகழுரைகளில் பெரும்பகுதி இந்த 6 டெசிபலின் வேலை. 100 ஹெர்ட்ஸ் தொனியை ஓட்டி மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வையுங்கள். மலிவான மீட்டர்கள் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் தப்பாகக் காட்டக்கூடும் என்பதால்தான் 100. சாதாரண பிளக்கில் நுனிக்கும் கிரவுண்டுக்கும் இடையிலும், பேலன்ஸ்டில் இடது நேருக்கும் இடது எதிருக்கும் இடையிலும் அளந்து, இரண்டும் 1 சதவீதத்துக்குள் வரும்படி செய்தபின் கேளுங்கள்.

நான்கு கம்பி இருப்பதால் இடது வலது கலப்பு குறையும் என்கிறார்களே?

உண்மைதான், ஆனால் எவ்வளவு என்று பாருங்கள். சாதாரண பிளக்கில் இரு பக்க மின்னோட்டமும் ஒரே கிரவுண்ட் வழியாகத் திரும்புகிறது. அந்தப் பொதுக் கம்பியின் தடை 0.3 ஓம் என்று வைத்தால், 300 ஓம் ஹெட்ஃபோனில் கலப்பு ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது மைனஸ் 60 டெசிபல். இசைக்கு நடுவே அது காதில் படாது. அதே கம்பியில் 18 ஓம் ஹெட்ஃபோனை மாட்டினால் அறுபதில் ஒரு பங்கு, மைனஸ் 36 டெசிபல் அளவுக்கு ஏறும். ஆக, இந்த வகையில் பேலன்ஸ்டால் பலன் பெறுவது குறைந்த ஓம் ஹெட்ஃபோன்கள். காதை மூடும் இரு கோப்பைகளுக்கும் தனிக் கேபிள் போகும் ஹெட்ஃபோன்களில் பலவற்றில் நான்கு கம்பிகளும் பிளக் வரை தனித்தனியாகவே வருகின்றன; அங்கே பொதுவாக இருப்பது பிளக்கின் தொடுமுனை மட்டும் என்பதால் கலப்பு இன்னும் குறைவு.

எச்டி 660எஸ்2-வா, ஹைஃபைமேன் எடிஷன் எக்ஸ்எஸ்ஸா? 18 ஓம் என்பதால் இரண்டாவது டாங்கிளில் சுலபமாக ஓடும் அல்லவா?

ஓம் குறைந்தால் சுலபம் என்பது அரைகுறைக் கணக்கு. எடிஷன் எக்ஸ்எஸ் 1 மில்லிவாட்டுக்கு 92 டெசிபல். 110 டெசிபல் உச்சத்துக்கு அது கேட்பது சுமார் 63 மில்லிவாட்: 1.07 வோல்ட், 59 மில்லிஆம்பியர். எச்டி 660எஸ்2 அதே உச்சத்துக்கு 2 வோல்ட் கேட்டாலும் 7 மில்லிஆம்பியர்கூட இழுப்பதில்லை. ஒன்றுக்கு வோல்டேஜ் பசி, மற்றதற்குக் கரண்ட் பசி.

இதனால்தான் வோல்டேஜ் இரட்டிப்பதால் வரவேண்டிய, 4.4 துளையின் "நான்கு மடங்கு பவர்", எடிஷன் எக்ஸ்எஸ் போன்ற ப்ளேனார் (தட்டைச் சவ்வு முழுவதும் அதிரும்) ஹெட்ஃபோன்களில் பல நேரம் கிடைக்காமல் போகிறது. வோல்டேஜ் இருந்தும் டாங்கிளின் சின்னச் சிப்பால் கரண்ட் தர முடியாது. அடித்தொனி உச்சங்களில் ஒலி உடையும். வாங்குமுன் 300 ஓமில் எத்தனை வோல்ட் என்று பார்க்காமல், 32 அல்லது 16 ஓமில் எத்தனை மில்லிவாட், எவ்வளவு சிதைவோடு என்று பாருங்கள். 32 ஓமில் 200 மில்லிவாட்டுக்குமேல் சுத்தமாகத் தரும் ஆம்ப் (சிக்னல் பெருக்கி) என்றால் எடிஷன் எக்ஸ்எஸ்ஸுக்கு நிம்மதி.

கையில் டாங்கிள் மட்டும்தான் என்றால் என் தேர்வு எச்டி 660எஸ்2. எடையும் 260 கிராம்தான். எடிஷன் எக்ஸ்எஸ் 405 கிராம், நீண்ட நேரம் தலையில் வைத்தால் அந்த வித்தியாசம் தெரியும். மேசை ஆம்ப் இருந்து, ஆழமான அடித்தொனியும் அகன்ற ஒலிப்பரப்பும் வேண்டுமென்றால் எடிஷன் எக்ஸ்எஸ். 660எஸ்2-வில் ஒலி எழுப்பும் டிரைவரின் ஒத்ததிர்வைப் பழைய 660எஸ்ஸின் 110 ஹெர்ட்ஸிலிருந்து 70-க்கு இறக்கியிருப்பதாகச் சென்ஹைசர் சொல்கிறது. அடித்தொனி கூடியிருப்பது கேட்கவும் கேட்கிறது. இருந்தாலும் ஆக அடியில் ப்ளேனாரோடு அது போட்டி போடாது.

ஆம்பில் 4.4 துளை மட்டுமே நன்றாக இருக்கிறது. என் 3.5 கேபிளை அதில் மாட்ட ஒரு அடாப்டர் வாங்கலாமா?

வேண்டாம். இதில்தான் ஆம்ப்கள் பலியாகின்றன. பேலன்ஸ்டு ஆம்பில் இடது எதிர், வலது எதிர் இரண்டும் கிரவுண்ட் அல்ல; ஒவ்வொன்றையும் தனி ஆம்ப் சுற்று ஓட்டுகிறது. 3.5 பிளக்கின் அடிவளையம் அவ்விரண்டையும் ஒன்றாக இணைத்துவிடும். வெவ்வேறு சிக்னல் ஓடும் இரு வெளியீடுகள் நேரடியாக ஷார்ட் ஆகின்றன. பாதுகாப்புச் சுற்று இருந்தால் ஆம்ப் அணைந்துவிடும். இல்லாவிட்டால் சூடேறிச் சிப் போய்விடும். மோனோ பாட்டில் இரு பக்கமும் ஒரே சிக்னல் என்பதால் சில நிமிடம் ஒழுங்காக ஓடுவதுபோல் தோன்றும், அதை நம்பாதீர்கள்.

எதிர் முனைகளை விட்டுவிட்டு, நேர் இரண்டையும் ஐந்தாவது முனையான கிரவுண்டையும் மட்டும் பயன்படுத்தும் அடாப்டர்களும் உண்டு. அவை ஷார்ட் செய்யாது. ஆனால் பாதி வோல்டேஜ்தான் வரும், அதுவும் ஆம்ப் துளையில் கிரவுண்ட் இணைக்கப்பட்டிருந்தால் மட்டும். வெளியிலிருந்து பார்த்தால் எது எந்த ரகம் என்று தெரியாது. ஏற்கெனவே ஒன்று கையில் இருந்தால், 4.4 பிளக்கின் நுனியிலிருந்து இரண்டாம், நான்காம் தொடுமுனைகளுக்கு இடையே மல்டிமீட்டர் பீப் அடிக்கிறதா பாருங்கள். அடித்தால் குப்பையில் போடுங்கள்.

எதிர்த் திசை பாதுகாப்பானது: 4.4 கேபிளைச் சாதாரண 3.5 துளையில் மாட்டும் அடாப்டரால் எந்தக் கேடும் இல்லை. ஆகவே இனிக் கேபிள் வாங்குவதானால் 4.4-ஆக வாங்கி, சாதாரண துளைக்கு அடாப்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

பேயர்டைனமிக் டிடி 900 ப்ரோ எக்ஸ்-க்கு பேலன்ஸ்டு கேபிள் கிடைக்குமா?

அதில் கேபிள் மாட்டும் மினி எக்ஸ்எல்ஆர் (சிறு வட்ட இணைப்பு) துளையில் மூன்றே முனைகள்: இடது, வலது, பொதுக் கிரவுண்ட். கேபிளை மாற்றிப் பயனில்லை. உள்ளே திறந்து நான்காவது கம்பி இழுக்க வேண்டும், வாரன்டியும் போகும். 48 ஓம் ஹெட்ஃபோன் அது, சாதாரண துளையிலேயே நன்றாக ஓடும். விட்டுவிடுங்கள்.

2.5, 4.4, நான்கு முனை எக்ஸ்எல்ஆர், எது மேல்?

ஒலியில் வித்தியாசமில்லை. 2.5 மெலிந்தது, வளைந்தால் முறியும். எக்ஸ்எல்ஆர் உறுதி, மேசைக்கு ஏற்றது. 4.4 இரண்டுக்கும் இடையில் நல்ல சமரசம். இம்மூன்றுக்கும் இடையிலான அடாப்டர்கள் பாதுகாப்பானவை.

பழைய கேபிளில் நானே 4.4 பிளக் வைக்க நினைக்கிறேன். எதில் கவனம் வேண்டும்?

வெட்டுமுன் அளந்து குறியுங்கள். கேபிளைக் கோப்பைகளிலிருந்து கழற்றி, பழைய பிளக்கின் நுனி, வளையம், அடி ஒவ்வொன்றும் கோப்பைப் பக்கம் எந்த முனைக்குப் போகிறது என்று மல்டிமீட்டரால் பார்த்து எழுதிவையுங்கள். கம்பியின் நிறத்தை நம்ப வேண்டாம்.

பிளக்கின் உறையையும் சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயையும் முதலிலேயே கேபிளில் கோத்துவிடுங்கள். பற்றவைத்தபின் அவை நுழையாது. இழைகளில் எனாமல் பூச்சு இருந்தால் ஈயம் ஒட்டாது. சால்டரிங் அயர்னை 380 டிகிரிக்கு ஏற்றி, நுனியில் ஈய உருண்டை வைத்து, இழை நுனியைச் சில நொடி அதில் அமிழ்த்தினால் பூச்சு எரிந்து ஈயம் பிடிக்கும். புகையை முகராதீர்கள். பிறகு 350 டிகிரியில் பற்றவைக்கலாம். ஒரு முனையில் மூன்று நொடிக்குமேல் வைத்தால் பிளக்கின் பிளாஸ்டிக் இளகி முனைகள் நகர்ந்துவிடும்.

4.4-இன் வரிசை நுனியிலிருந்து: இடது நேர், இடது எதிர், வலது நேர், வலது எதிர், கடைசியில் கிரவுண்ட். ஹெட்ஃபோனுக்கு நான்கே கம்பி, கிரவுண்டைக் காலியாக விடுங்கள். 2.5 பிளக்கின் வரிசை வேறு: வலது எதிர், வலது நேர், இடது நேர், இடது எதிர். 4.4 வரிசையை அப்படியே 2.5-இல் போட்டால் பக்கங்கள் மாறுவதோடு ஒரு பக்கம் தலைகீழாகவும் ஆகிவிடும்: அடித்தொனி மறையும், நடுவில் நிற்க வேண்டிய குரல் தலைக்குள் எங்கும் நிலைக்காமல் சிதறும்.

ஆம்பில் மாட்டுமுன் கோப்பைகளை இணைத்து அளந்து பாருங்கள். இடது நேர்–எதிர் இடையே ஹெட்ஃபோனின் ஓம் அளவுக்கு அருகில் வர வேண்டும், வலதுக்கும் அப்படியே. இடது முனை எதற்கும் வலது முனை எதற்கும் இடையே தொடர்பே காட்டக் கூடாது. கேபிளை வளைத்து ஆட்டியபடியே இன்னொரு முறை அளந்துவிட்டு, ஒலியளவைப் பூஜ்யத்தில் வைத்து மாட்டுங்கள்.