மறுமலர்ச்சிக் கால ஐரோப்பாவில் தேவாலய இசையும் உலகியல் இசையும் எவ்வாறு வேறுபட்டன?

சொற்களிலும் பாடப்பட்ட இடத்திலும் வேறுபாடு தெளிவாகவே இருந்தது. திருப்பலி என்னும் கத்தோலிக்க வழிபாட்டுக்கு லத்தீன், அரண்மனைக் கூடத்துக்குப் பிரெஞ்சு அல்லது இத்தாலியன். ஆனால் மெட்டுகளுக்கு அந்த எல்லை கிடையாது. இதை நான் படித்து அறிந்ததைவிடப் பாடி அறிந்ததே அதிகம்.

பல ஆண்டுகளாக ஒரு பாடகர் குழுவில் டெனர் என்னும் உயர்ந்த ஆண் குரலில் பாடி வருகிறேன். ஒருமுறை இசையமைப்பாளர் கியோம் துஃபே 1450-களில் அமைத்த ‘ஸெ லா ஃபாஸ் ஏ பால்’ என்னும் திருப்பலி இசையைப் பயின்றோம். ‘என் முகம் வெளுத்திருந்தால் அதற்குக் காதலே காரணம்’ என்று தொடங்கும் பிரெஞ்சுப் பாட்டு ஒன்றுக்கு அவரே முன்பு இசையமைத்திருந்தார். அதன் டெனர் பகுதியை எடுத்து, நான்கு குரல் திருப்பலி முழுவதற்கும் அடித்தளமாக வைத்தார். திருப்பலியின் ஒரு பகுதியான வானவர் கீதத்தில் (குளோரியா) அந்த மெட்டு மூன்று முறை வருகிறது: முதலில் ஒவ்வொரு சுரமும் மூன்று மடங்கு நீண்டு, அடுத்து இரண்டு மடங்காகி, இறுதியில் மூலப் பாட்டின் அளவிலேயே. முதல் சுற்றில் மூச்சைக் காத்து ஒரே சுரத்தை நெடுநேரம் பிடித்து நின்றபோது, நான் பாடுவது ஒரு மெட்டு என்றே எனக்குத் தோன்றவில்லை. மூன்றாம் சுற்றில், மற்ற குரல்கள் இறைவனைப் புகழ்ந்துகொண்டிருக்க, என் வாயிலிருந்து அந்தக் காதல் பாட்டு முழு உருவத்தோடு வெளிவந்ததை இன்றும் மறக்க முடியவில்லை. ‘டெனர்’ என்ற சொல்லே பிடித்திருத்தலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்ததுதான்.

இது துஃபே ஒருவரின் துணிச்சல் அன்று. ‘ஆயுதம் தரித்தவனுக்கு அஞ்ச வேண்டும்’ என்னும் ‘லோம் ஆர்மே’ பாட்டின் மீது மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்ட திருப்பலிகள் கிடைத்துள்ளன. இசையமைப்பாளர் ஜோஸ்கான் தெ ப்ரே இரண்டு அமைத்தார். அவற்றுள் ஒன்றில், திருப்பலி முன்னேற முன்னேற அந்த மெட்டு ஒவ்வொரு சுரமாக மேலேறித் தொடங்குகிறது. பாடகர்களும் இசையமைப்பாளர்களும் பெரும்பாலும் தேவாலயப் பள்ளிகளில் பயின்று, பிறகு அரசவைகளிலும் பணியாற்றியவர்கள் என்பதால், காலையில் திருப்பலிக்கும் மாலையில் விருந்துக்கும் அதே கைத்திறனே பயன்பட்டது.

திருச்சபை இதைக் கவனிக்காமல் இல்லை. கத்தோலிக்க ஆயர்களின் பேரவையான திரெந்து பொதுச்சங்கம் 1562-இல், சிற்றின்பமோ தூய்மையற்றதோ கலந்த இசையைத் தேவாலயத்திலிருந்து விலக்க வேண்டும் என்று ஆணையிட்டது. பல குரல்கள் பின்னிச் செல்வதால் இறைவார்த்தை காதில் விழவில்லை என்ற முறையீடும் அக்காலத்தில் வலுவாக எழுந்தது. என் பார்வையில் இதுவே காதல் மெட்டைவிட நியாயமான குறை. இத்தாலிய இசையமைப்பாளர் பலஸ்த்ரீனா தம் ‘மார்செல்லுஸ் திருத்தந்தை திருப்பலி’யால் பல்குரல் இசையையே தடையிலிருந்து காப்பாற்றினார் என்பது பின்னர் வளர்ந்த கதை. எனினும் 1567-இல் வெளிவந்த அந்தப் படைப்பின் நீண்ட வாசகப் பகுதிகளில் குரல்கள் பல இடங்களில் ஒன்றாகவே சொற்களை உச்சரிப்பதால், ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கிறது.

அதே பலஸ்த்ரீனா 1582-இல் வெளியிட்ட ஒரு திருப்பலிக்கு ‘நான்காம் திருப்பலி’ என்று வெறும் எண்ணையே தலைப்பாக இட்டார். அதன் உள்ளே இருப்பது ‘லோம் ஆர்மே’ மெட்டு! 1584-இல் விவிலிய நூலான உன்னதப் பாட்டின் வரிகளுக்கு அமைத்த 29 மோட்டெட்டுகளை, அதாவது லத்தீன் பல்குரல் பக்திப் பாடல்களை, திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரிக்குக் காணிக்கையாக்கியபோது, முன்பு காதல் கவிதைகளுக்கு இசையமைத்ததை எண்ணி நாணுவதாக முன்னுரையில் எழுதினார். அந்த உன்னதப் பாட்டும் காதலர் உரையாடலே. அதற்கேற்பச் சற்றுத் துடிப்பான இசையைக் கையாண்டதாகவும் அங்கேயே ஒப்புக்கொண்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1586-இல், மேட்ரிகல்கள் எனப்படும் இத்தாலிய உலகியல் பல்குரல் பாடல்களின் இன்னொரு தொகுப்பை வெளியிட்டார்.