கணினிக் கேள்வி – பதில்: தனிக் கிராபிக்ஸ் கார்டுக்கு இனி வேலை உண்டா?

கேள்வி: நண்பருடன் சேர்ந்து கல்யாண வீடியோ எடிட்டிங் செய்து வருகிறேன். கணினியை மாற்ற எண்ணியுள்ளேன். புதிய புரொசெசர்களுக்குள்ளேயே கிராபிக்ஸும் வந்துவிட்டதால் தனிக் கார்ட் வாங்குவது வீண் செலவு என்கிறார் ஒரு கடைக்காரர். கார்ட் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்கிறார் இன்னொருவர். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகர், ஹட்டன்

பதில்: உங்கள் வேலையில் பெரும்பகுதி தனிக் கார்ட் இல்லாமலே நடக்கும் என்பது என் கருத்து. ஆனால், அதற்கு முதலாவது கடைக்காரர் சொல்லும் காரணம் போதாது.

1920க்கு 1080 அளவுள்ள திரையில் 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள் இருக்கின்றன. விநாடிக்கு 60 தடவை படம் மாறினால் 12 கோடியே 44 இலட்சத்துக்கும் அதிகமான தடவை புள்ளிகளின் நிறத்தைக் கணக்கிட வேண்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் செய்யும் கணக்கு ஏறத்தாழ ஒன்றேயாதலால், எந்த வேலையையும் செய்யத் தெரிந்த ஒரு கெட்டிக்காரரைவிட, ஒரே கட்டளைக்கு ஒன்றாகக் கையோட்டும் நூறு பேரே இதற்குப் பொருத்தமானவர்கள். நிரை பிடித்துத் தேயிலைக் கொழுந்து பறிப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதன்று. அதே மலையில் நூறு பேர் பறித்த கொழுந்தை ஏற்றிச் செல்ல ஒரே ஒரு லொறிதான் வரும் என்றால், சாக்குகள் கொழுந்து நிறுக்கும் மடுவத்திலேயே தேங்கிச் சூடேறிவிடும் என்பதும் நமக்குத் தெரியும். கிராபிக்ஸில் அந்த லொறியின் இடத்தில் இருப்பது ரேம்.

டிடிஆர்4-3200 ரேம் ஒன்றை மட்டும் பொருத்தினால் விநாடிக்கு 25.6 ஜிகாபைட் தரவு போய்வரலாம். இரண்டை உரிய இடங்களில் பொருத்தினால் 51.2 ஆகும். உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் இந்த அளவையும் புரொசெசருடன் பங்கிட்டே பயன்படுத்த வேண்டும். 2021இல் வெளிவந்த, என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டின் 12 ஜிகாபைட் வகையிலோ, அந்தக் கார்டுக்கே சொந்தமான நினைவகத்தில் 360 ஜிகாபைட் போய்வருகிறது. படம் மிகவும் மெதுவாக ஓடுகிறது என்று அண்மையில் ஒருவர் கொண்டுவந்த கணினியின் பக்க மூடியைக் கழற்றிப் பார்த்தேன். நான்கு இடங்களில் ஒன்றில் மட்டும் 16 ஜிகாபைட் ரேம் ஒன்று செருகியிருந்தது. அதை எடுத்துவிட்டு இரண்டு 8 ஜிகாபைட் ரேம்களைப் போட்டோம். அதன் பிறகு அவர் புதுக் கார்டைப் பற்றிப் பேசவேயில்லை.

புதிய வடிவமைப்புகள் உண்மையில் கை வைத்திருப்பதும் இந்தப் பாதையில்தான். அப்பிள் 2020இல் வெளியிட்ட எம்1 சிப்பில் புரொசெசரும் கிராபிக்ஸும் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. மறு ஆண்டு வந்த எம்1 மேக்ஸில் அந்தப் பாதை விநாடிக்கு 400 ஜிகாபைட் அளவுக்கு அகலமாக்கப்பட்டது. ஆகவே உள்ளே இருப்பதா வெளியே இருப்பதா என்பதைவிட, பாதை எவ்வளவு அகலம் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. விலையும் அந்த அகலத்துக்கேற்பத்தான் ஏறுகிறது.

இனி உங்கள் வேலைக்கு வருவோம். சுருக்கிப் பதிந்த வீடியோவை விரிப்பதும் மறுபடி சுருக்குவதும் கிராபிக்ஸ் கோர்கள், அதாவது கணக்குப் போடும் சிறு பகுதிகள், செய்யும் வேலையன்று. அதற்கென்றே சிப்பில் தனிச் சுற்று உண்டு. இன்டெல் 2011 முதல் தன் புரொசெசர்களில் அதைச் சேர்த்து வருகிறது. உங்கள் கமரா நிற விவரத்தைக் கூடுதலாக வைத்துக்கொள்ளும் 10 பிட், 4:2:2 எச்.265 வகையில் பதிவு செய்வதானால், கிராபிக்ஸ் உள்ள 11ஆம் தலைமுறை இன்டெல் புரொசெசர் முதல் அதை இலகுவாக விரிக்கும். என்விடியா கார்டுகளில் 2025இல் வந்த 50 வரிசைக்குத்தான் அந்த வசதி கிடைத்தது. பெயரின் இறுதியில் எப் என்ற எழுத்துள்ள இன்டெல் புரொசெசரில் கிராபிக்ஸ் இல்லை. விலை குறைவு என்று அதை வாங்கிவிடாதீர்கள். நிறத் திருத்தம், இருட்டில் எடுத்த காட்சியில் மணல் தூவியதுபோல் தெரியும் பொட்டுகளை நீக்குதல் போன்றவற்றை நாள் முழுவதும் செய்பவரானால் மட்டும் கார்டுக்குப் பணம் ஒதுக்குங்கள்.

கேள்வி: சாதாரண புரொசெசர் கோர்களைப் பெருந்தொகையாக அடுக்கினால் கிராபிக்ஸ் சிப்பே தேவைப்படாது என்று மாணவனாக இருந்தபோது படித்தேன். அது என்னவாயிற்று?
– ஆசிரியர், பண்டாரவளை

பதில்: நீங்கள் படித்தது இன்டெல்லின் லாரபீ பற்றியதாக இருக்க வேண்டும். 2008இல் அதன் விவரங்கள் வெளிவந்தன. சாதாரண கணினிப் புரொசெசர்களில் உள்ள எக்ஸ்86 வகைக் கோர்கள் பலவற்றுடன் 512 பிட் அகலமான கணக்குப் பகுதிகளைச் சேர்த்து, காட்சியை உருவாக்கும் முக்கோணங்களைத் திரைப் புள்ளிகளாக்கும் வேலையைக்கூட மென்பொருளிடமே ஒப்படைத்தார்கள். அப்படியிருந்தும், மேற்பரப்புப் படங்களை எடுத்து ஒட்டும் டெக்ஸ்சர் வேலைக்குத் தனிச் சுற்றை வைக்கவேண்டியதாயிற்று. மென்பொருளில் அது பன்மடங்கு தாமதமாகும் என்பது அவர்களுக்கே தெரிந்திருந்தது. 2009 டிசம்பரில் அதைக் கிராபிக்ஸ் கார்டாக விற்கும் திட்டம் கைவிடப்பட்டது. அந்த வழியில் வந்த சியோன் பை 2012இல் விஞ்ஞானக் கணக்குகளுக்கென வெளிவந்தது. பிளேஸ்டேஷன் 3இலும், செல் என்ற அபூர்வமான புரொசெசர் இருந்தும், என்விடியாவின் கிராபிக்ஸ் சிப் ஒன்று தனியாக இடம்பெற்றது.

அதற்காக அந்த எண்ணம் முற்றிலும் தோற்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். 2006இல் வந்த என்விடியாவின் ஜீபோர்ஸ் 8800 ஜிடிஎக்ஸ் கார்ட், வெவ்வேறு வேலைகளுக்கென்று பிரிந்திருந்த சுற்றுகளை நீக்கி, எதையும் செய்யவல்ல 128 கோர்களை வைத்தது. கிராபிக்ஸ் சிப்பே பொதுப் புரொசெசரின் குணத்தைப் பெற்றது. 2018இல் அதே நிறுவனம் ஒளிக்கதிர்களைப் பின்தொடர்வதற்கென்று மறுபடியும் தனிச் சுற்றைச் சேர்த்தது. டிரான்சிஸ்டர்களைக் கூட்டலாம், அவற்றுக்கு ஊட்டும் மின்சாரத்தை அதே அளவுக்குக் கூட்ட முடியாது. ஒரே வேலைக்கென்று வடித்த சுற்று அந்த வேலையைக் குறைந்த மின்சாரத்தில் முடிக்கிறது. வேலை பொதுச் சுற்றுக்கும் தனிச் சுற்றுக்கும் மாறி மாறிப் போய்வரும் இந்தப் போக்கை 1968இலேயே கண்டுகொண்ட மையர், ஐவன் சதர்லாண்ட் ஆகிய இருவரும் அதற்கு மறுபிறவிச் சக்கரம் என்று பெயர் வைத்தார்கள். இரண்டு பொறியியலாளர்களுக்கு இந்தப் பெயர் தோன்றியதை எண்ணி நான் பலமுறை சிரித்ததுண்டு.

கேள்வி: புதிய மடிக்கணினிகளில் வரும் என்பியு இருந்தால் கேம் வேகமாக ஓடுமா?
– உயர்தர மாணவர், தலவாக்கலை

பதில்: பொதுவாக இல்லை. செயற்கை நுண்ணறிவுக்கான கணக்குகளைக் குறைந்த மின்சாரத்தில் செய்வதே அதன் வேலை; அது படம் வரைவதில்லை. விதிவிலக்காக, 2024இல் வந்த ஸ்னாப்டிராகன் எக்ஸ் மடிக்கணினிகளில், சிறிதாக வரைந்த கேம் படத்தைப் பெரிதாக்க விண்டோஸ் அதைப் பயன்படுத்துகிறது. ஆர்டிஎக்ஸ் கார்டுகளில் அதே மாதிரியான வேலையைக் கார்டுக்குள் செயற்கை நுண்ணறிவுக் கணக்குகளுக்கென்று இருக்கும் டென்சர் கோர்களே செய்துவிடுகின்றன. நீங்கள் கடைக்குப் போனால் என்பியுவைப் பற்றிக் கேட்பதற்கு முன், ரேம் போர்டிலேயே ஒட்டியிருக்கிறதா, பிறகு கூட்ட முடியுமா என்று கேளுங்கள்.